ஒரு சென்டிமீட்டர் மதகு

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் காலையில் மீன் வாங்குகிறவர்கள் அதை அங்கேயே ஆய்ந்து வாங்கிக்கொள்ளலாம். அரிவாள்மனையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் செதிலைச் சீவி, செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறிக் குடலை ஒரே இழுப்பில் எடுத்துப் போடும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஓரிடத்தில் மட்டும் அந்தக் கை நிதானிக்கும். ஈரலை ஒட்டிப் பச்சை நிறத்தில் ஒரு சின்னப் பை. நகம் பட்டுக் கிழிந்தால் போச்சு, குழம்பு முழுக்கக் கசக்கும். அதனால் அதைத் தனியாகக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அந்தப் பை எல்லா மீனிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. வயிறு நிறைய இரை தின்ற மீனில் அது சுருங்கி வெளிறிக் கிடக்கும். பட்டினி கிடந்த மீனில் புடைத்துக் கரும்பச்சையாக இருக்கும். மீன் கடைசியாக எப்போது தின்றது என்பதை இந்தப் பையின் அளவையும் நிறத்தையும் பார்த்தே கணிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. ஈரல் பித்தநீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கிறது. குடலில் வேலை இல்லாத நேரத்தில் அது பைக்குள் போய்ச் சேர்கிறது, வேலை வந்ததும் வெளியேறுகிறது.

நம் வயிற்றிலும் இதே ஏற்பாடுதான். நமது கல்லீரல் ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. பித்தப்பையின் கொள்ளளவோ 30 முதல் 50 மில்லி லிட்டர்தான். உள்ளே வரும் பித்தநீரிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு கெட்டியாக்கி வைத்துக்கொள்வதால்தான் அந்தச் சின்னப் பையால் சமாளிக்க முடிகிறது. பக்கத்திலேயே கணையம். அதுவும் நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் செரிமான நீரை அனுப்புகிறது. பித்தநாளமும் கணைய நாளமும் கடைசியில் நெருங்கி வந்து, பெரும்பாலானோருக்கு ஒன்றாகச் சேர்ந்து, முன்சிறுகுடலின் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரே வாயில் திறக்கின்றன. அந்த இடத்தில் குடலின் உட்சுவரில் சிறு புடைப்பு ஒன்று தெரியும். ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் ஆபிரகாம் வாட்டர் 1720இல் அதைப் பற்றி எழுதினார்.

அந்தப் புடைப்புக்குள், இரண்டு நாளங்களின் கடைசிப் பகுதியைச் சுற்றிக்கொண்டு, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு தசை இருக்கிறது. ஓடி சுருக்குத்தசை என்று பெயர். இவ்வளவு சின்னத் தசைக்குக் கோளாறு வந்தால் என்ன ஆகும் என்பதை மருத்துவ உலகம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக யோசித்து வருகிறது. நடுவில் வெகு உறுதியாக ஒரு பதிலைச் சொல்லி, பல்லாயிரம் பேர் வயிற்றில் கத்தியும் வைத்துவிட்டு, பிறகு அதில் பாதியை வாபஸ் வாங்கியது.

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கடைமடைக்காரர்களுக்கு இந்தத் தசையின் வேலையை விளக்குவது சுலபம். 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணையில் தொடங்கி, வடவாறு, வீராணம் என்று வந்து, கிளை வாய்க்கால்களில் பிரிந்து, வடிகாலாகிக் கடலை நெருங்கும் தண்ணீருக்குக் கடைசிக் காவல் ஷட்டர்தான். நல்ல தண்ணீரை வீணாக ஓடவிடாமல் தேக்க வேண்டும். ஐப்பசி மழையில் வெள்ளம் வந்தால் திறந்துவிட வேண்டும். ஓதம் ஏறும்போது உப்புத்தண்ணீர் வாய்க்காலுக்குள் எதிர்த்து வராமல் தடுக்க வேண்டும். ஓடி தசைக்கும் இதே மூன்று பொறுப்புகள். மூடியிருந்து பித்தநீரைப் பைக்குத் திருப்பிவிடுவது, சாப்பாடு வந்ததும் திறப்பது, கிருமிகளும் செரிமானக் கலவையும் நிறைந்த குடல்நீர் நாளங்களுக்குள் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வது. ஷட்டருக்கு ஆள் வேண்டும், சாவி வேண்டும், சில சமயம் மேலதிகாரி உத்தரவும் வேண்டும். இந்தத் தசைக்கு உத்தரவு வரும் வழி வேறு.

நெய்யும் மிளகும் மணக்கும் சம்பா சாதத்தோடு நல்லெண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய் கொத்சு சாப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலைத் தொட்டதும், அங்குள்ள சுவர்ச் செல்கள் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. சிகாகோவில் ஐவி, ஓல்ட்பெர்க் என்ற இருவர் 1928இல் கண்டறிந்தது இது. ஒரே ஹார்மோன் இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்கிறது. பித்தப்பையைச் சுருங்க வைக்கிறது, அதே நேரத்தில் ஓடி தசையைத் தளர வைக்கிறது. தசையைத் தளர்த்தும் வேலை குடல்சுவரில் ஓடும் நரம்புகள் வழியாக நடக்கிறது. பை பிழிகிறது, வாய் திறக்கிறது, கொத்சின் எண்ணெயைக் கரைக்கப் பித்தநீர் வந்து சேர்கிறது. சாப்பிடாத நேரத்திலும் தசை சும்மா இருப்பதில்லை. ஓர் அடிப்படை இறுக்கத்தை வைத்துக்கொண்டு, அதன்மேல் நிமிடத்துக்கு நாலைந்து முறை சுருங்கி விரிந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறது.

இங்கிலாந்தின் பிரான்சிஸ் கிளிசன் 1654லேயே இந்த இடத்தில் வளையமான நார்கள் இருப்பதைக் கவனித்திருக்கிறார். ஆனால் பெயர் நிலைத்தது வேறொருவருக்கு. இத்தாலியின் பெருஜியா நகரத்தில் 1864இல் பிறந்த ருஜேரோ ஓடி, 1887இல் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டபோது இன்னும் மருத்துவ மாணவர்தான். வயது 23. பித்தப்பையை அகற்றிய நாய்களில் சில காலத்துக்குப் பிறகு பித்தநாளம் அகன்று போயிருப்பதை அவர் பார்த்தார். அகலுகிறது என்றால் கீழே ஏதோ ஒன்று தடுத்து நிறுத்துகிறது என்றுதானே பொருள்? தேடிப் போனார். நாளத்தின் முடிவில் தனியாக ஒரு தசைவளையம் இருப்பதைப் பல விலங்குகளில் நுண்ணோக்கியில் காட்டினார். அதோடு விடாமல், அந்தத் தசை எவ்வளவு அழுத்தத்தைத் தாங்குகிறது என்று மானோமீட்டர் வைத்து அளக்கவும் செய்தார். உறுப்பைப் பார்த்து வரைந்தாலே போதும் என்றிருந்த காலத்தில் அழுத்தத்தை அளக்க நினைத்ததுதான் அந்தப் பையனின் மேதைமை என்று எனக்குத் தோன்றுகிறது. கிளிசனைத் தாண்டி அவர் பெயர் நின்றதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

அதன்பின் அவர் வாழ்க்கை போன போக்கு பரிதாபமானது. முப்பது வயது ஆவதற்குள், 1894இல், ஜெனோவா பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் துறைக்குத் தலைவரானார். 1900இல் போதைமருந்துப் பழக்கம், பணக் கணக்கில் குளறுபடி என்ற குற்றச்சாட்டுகளில் பதவி போனது. பெல்ஜியம் சென்று, அந்த நாட்டின் காலனி மருத்துவராக ஆப்பிரிக்காவின் காங்கோவுக்குப் போனார். எதுவும் நிலைக்கவில்லை. எல்லா நோய்க்கும் மருந்து என்று அப்போது ஒருவர் விற்றுக்கொண்டிருந்த வைட்டலின் என்ற சரக்கை நம்பி நோயாளிகளுக்குக் கொடுக்கும் நிலைக்கு வந்தார். 1913 மார்ச்சில் துனிஸ் நகரத்தில் இறந்தார். போதைமருந்து என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அபினிலிருந்து வரும் மார்ஃபினுக்கு ஓடி தசையை இறுக்கும் குணம் உண்டு என்பது இன்று மருத்துவ மாணவர்கள் எல்லோரும் படிக்கிற பாடம்.

இனி நோய்க்கு வருவோம். பரங்கிப்பேட்டையிலோ நெல்லிக்குப்பத்திலோ நாற்பது வயதுப் பெண் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேல்வயிற்றில், வலது விலாவுக்குக் கீழே, சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்தோ நடுராத்திரியிலோ ஒரு வலி வருகிறது. விட்டுவிட்டுச் சுருட்டி இழுக்கும் வலி இல்லை. ஏறிக்கொண்டே போய் ஒரு மட்டத்தில் நின்றுகொள்ளும். அரை மணி நேரத்துக்குக் குறைந்து போகாது. முதுகுக்கும் தோளுக்கும் பரவும். முதலில் எல்லோரும் சொல்வது கேஸ். சோடா குடித்துப் பார்ப்பார், ஓமத் தண்ணீர் குடித்துப் பார்ப்பார், மெடிக்கலில் பேன்டோபிரசோல் வாங்கிப் போடுவார். ஏப்பம் விட்டாலும், புரண்டு படுத்தாலும், வெளிக்குப் போனாலும் அடங்காது. ஒரு நாள் ஈசிஜி எடுப்பார்கள், இதயம் நன்றாக இருக்கும். ஸ்கேன் எடுப்பார்கள், பித்தப்பையில் கல் இருக்கும்.

கல் என்றால் சந்தேகம் இல்லை, எடுக்க வேண்டியதுதான். டெஹெம்டன் உட்வாடியா 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் இந்தியாவில் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை அகற்றியதிலிருந்து அது எளிய அறுவையாகிவிட்டது. நாலு சின்னத் துளைகள், இரண்டு நாளில் வீடு. பித்தக்கல் நம் பக்கத்தில் ஒரு காலத்தில் அபூர்வம் என்பது இங்கே சொல்லத் தக்கது. ரயில்வே ஊழியர்களின் நோய்க்கணக்கைத் திரட்டிய எஸ். எல். மல்ஹோத்ரா, வட இந்தியர்களுக்குத் தென்னிந்தியர்களைவிட ஏழு மடங்கு அதிகமாகப் பித்தக்கல் வருவதாக 1968இல் எழுதினார். இப்போது நம் ஊர்த் தெருவிலும் பித்தப்பையை எடுத்தவர் ஒருவராவது இருக்கிறார்.

பெரும்பாலோர் அதோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். நம் பெண்மணிக்கு ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் அதே வலி. பை இல்லை, கல் இல்லை, வலி மட்டும் இருக்கிறது. “எடுக்க வேண்டியதை எடுத்தாச்சு, இன்னும் என்ன வலி உனக்கு?” என்று வீட்டில் கேட்பார்கள். அறுவைக்குப் பிறகு இப்படி வலி தொடர்கிறவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். நாளத்தில் தங்கிப்போன கல், குடல்புண், உணர்ச்சி கூடிய குடல், தசைப்பிடிப்பு என்று காரணம் பலவாக இருக்கும். எல்லாவற்றையும் தள்ளிய பிறகு மிஞ்சும் சிறு கூட்டத்தில்தான் ஓடி தசையின் மீது சந்தேகம் விழுகிறது.

பித்தப்பை போனதும் இந்தத் தசை ஏன் வம்பு செய்ய வேண்டும்? ஓடியின் நாய்களிடமே பாதி விடை இருக்கிறது. பை இருந்தவரை, கீழே தசை கொஞ்சம் அதிகமாக இறுகினாலும் பித்தநீர் பைக்குள் ஒதுங்கிக்கொள்ளும், நாளத்தில் அழுத்தம் ஏறாது. பை போனதும் ஒதுங்க இடமில்லை. அழுத்தம் முழுவதும் நாளத்தின் சுவரில் விழுகிறது. பைக்கும் தசைக்கும் இடையே தகவல் சொல்லிக்கொண்டிருந்த நரம்பு இழைகள் அறுவையில் அறுபட்டும் போகின்றன. சிலரிடம் விபரீதம் இன்னொரு படி மேலே போகிறது. தளர வைக்க வேண்டிய கோலிசிஸ்டோகைனின் அவர்களிடம் தசையை இறுக்குகிறது. சாப்பாடு வந்து திற என்கிற நேரத்தில் பூட்டிக்கொள்கிறது.

கணையத்தின் பக்கம் இறுகினால் ஆபத்து கூடுதல். கணையநீர் இறைச்சியைக் கரைக்கிற நீர், கணையமும் இறைச்சிதான். வெளியேற வழியில்லாமல் தேங்கினால், குடலில் போய் விழித்துக்கொள்ள வேண்டிய டிரிப்சின் என்ற நொதி உள்ளேயே விழித்து, சுரந்த உறுப்பையே தின்னத் தொடங்கும். கணைய அழற்சி என்பது அதுதான். பித்தக்கல் ஒன்று அந்தப் பொதுவாயில் சிக்கியதால் இப்படி நேர்ந்ததை அமெரிக்காவில் யூஜின் ஓப்பி 1901இல் பிணப் பரிசோதனையில் கண்டு எழுதினார். கல் இல்லாமல் தசையே கல்லின் வேலையைச் செய்யவும் கூடும்.

இதை எப்படி நிரூபிப்பது? ஸ்கேனில் இந்தத் தசை தெரியாது. தெரிந்தாலும் இறுக்கத்தைப் படம் பிடிக்க முடியாது. உள்ளே போய்த்தான் அளக்க வேண்டும். பக்கவாட்டில் பார்க்கும் எண்டோஸ்கோப்பை வாய்வழியே முன்சிறுகுடல் வரை இறக்கி, வாட்டரின் புடைப்பைக் கண்டுபிடித்து, அதன் வாய்க்குள் குழாய் நுழைக்கும் இஆர்சிபி என்ற வித்தை 1968இல் அமெரிக்காவில் தொடங்கியது, ஜப்பானியர் அதைச் செம்மையாக்கினார்கள். அந்த வழியாகவே இரண்டு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத குழாய் ஒன்றைத் தசைக்குள் செலுத்தி, அதன் துளைகள் வழியாகத் தண்ணீரைச் சொட்டவிட்டு, தண்ணீர் வெளியேறப் படும் பாட்டை அழுத்தமாக அளக்கிறார்கள். குழாயை ஒவ்வொரு மில்லிமீட்டராக வெளியே இழுத்து ஒவ்வொரு இடத்திலும் நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் நோயாளி அசையக் கூடாது, இருமக் கூடாது. மயக்கத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் அபின்வகை மருந்துகளும் கூடாது, அவை தசையை இறுக்கி அளவைப் பொய்யாக்கிவிடும். அடிப்படை அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டினால் தசைக்குக் கோளாறு என்பது கணக்கு.

கெட்ட விஷயம் ஒன்று உண்டு. வாயைச் சீண்டினால் அந்தத் தசை வீங்கி மூடிக்கொள்ளும், கணையநீர் தேங்கும். அதாவது, இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையே கணைய அழற்சியை வரவழைக்கக்கூடும். மற்ற இஆர்சிபி நோயாளிகளைவிட இந்தச் சந்தேகத்தோடு மேசையில் படுப்பவர்களுக்கே அது அதிகம் வருகிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஆபத்து கூடிய 602 பேரில் பாதிப் பேருக்கு, சோதனை முடிந்த உடனே ஆசனவாய் வழியாக இன்டோமெதசின் மாத்திரை வைத்தார்கள். அவர்களில் அழற்சி வந்தவர்கள் 9.2 சதவீதம், வெற்று மாத்திரை வைத்தவர்களில் 16.9 சதவீதம். அந்த 602 பேரில் பெரும்பாலோர் ஓடி தசைச் சந்தேகத்தோடு வந்தவர்கள்தான். மலிவான பழைய வலி மாத்திரை ஒன்று இவ்வளவு காப்பாற்றுகிறது என்பது நல்ல செய்தி. மாத்திரை வைத்தும் நூற்றில் ஒன்பது பேர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தசை இறுகினால் வெட்டிவிட்டால் தீர்ந்தது என்ற எண்ணம் இயல்பாக வரும். எண்டோஸ்கோப் முனையில் மெல்லிய கம்பி, அதில் மின்சாரம், தசையில் சின்னக் கீறல். ஜெர்மனியில் கிளாசனும் டெம்லிங்கும், ஜப்பானில் கவாயும் 1974இல் தனித்தனியாகச் செய்து காட்டினார்கள். நாளத்தில் சிக்கிய கல்லை வயிற்றைக் கிழிக்காமல் எடுக்க இன்றும் உலகம் முழுவதும் இதுதான் வழி. எத்தனையோ உயிரைக் காத்த சிகிச்சை. கல்லுக்குப் பலித்தது வலிக்கும் பலிக்கும் என்று நம்பினார்கள்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் கீனன், ஹோகன் குழுவினர் நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். வலி, ரத்தத்தில் ஏறிய கல்லீரல் நொதிகள், அகன்ற நாளம் எல்லாம் இருந்தால் முதல் வகை. வலியோடு மற்றவற்றில் ஏதோ ஒன்றிரண்டு இருந்தால் இரண்டாம் வகை. வலி மட்டுமே, வேறு தடயமே இல்லை என்றால் மூன்றாம் வகை. இரண்டாம் வகையில் 47 பேரை வைத்து அவர்கள் 1989இல் வெளியிட்ட ஆய்வு அழகானது. பாதிப் பேருக்கு நிஜமாக வெட்டினார்கள், மற்றவர்களுக்கு வெட்டுவதுபோல் பாவனை மட்டும். அழுத்தம் ஏறியிருந்தவர்களில் வெட்டப்பட்ட 11 பேரில் 10 பேருக்கு ஓராண்டில் வலி குறைந்தது. பாவனை செய்யப்பட்ட 12 பேரில் 3 பேருக்கு மட்டுமே குறைந்தது.

இதைப் படித்தவர்கள் உற்சாகமானார்கள். ஆனால் கத்தி போனது இரண்டாம் வகையோடு நிற்கவில்லை. வலி மட்டுமே உள்ள மூன்றாம் வகையிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வெட்டினார்கள். நோயாளிகளும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எந்தப் படத்திலும் தெரியாத வலியோடு வருஷக்கணக்கில் அலைந்தவரிடம் ஒருவர், “உனக்குப் பெயருள்ள ஒரு நோய் இருக்கிறது, அதை வெட்டிச் சரிசெய்யலாம்” என்று சொன்னால் யார்தான் மறுப்பார்கள்?

கடைசியில் அதைச் சோதித்துப் பார்த்தவர் பீட்டர் காட்டன். இஆர்சிபி என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர், அந்த வித்தையைப் பழகவே 1970களின் தொடக்கத்தில் ஜப்பான் போய் வந்தவர். (கீழணை கட்டியவரும் காட்டன், மதகுக்கான கத்தியைச் சோதித்தவரும் காட்டன். பெயர் ஒற்றுமைதான்.) தன் துறையின் வருமானத்துக்கே கேடு வரும் கேள்வியைத் துறையின் பெரியவர் ஒருவரே கேட்டது அடிக்கடி நடக்கிற விஷயமல்ல. அமெரிக்காவின் ஏழு மையங்களில் பித்தப்பை அகற்றப்பட்ட, வலி மட்டுமே உள்ள 214 பேர். 141 பேருக்கு நிஜ வெட்டு, 73 பேருக்குப் பாவனை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, ஓராண்டு கழித்து வலியைக் கணக்கெடுத்தவருக்கும் தெரியாது. வலியால் கெட்டுப்போன நாட்கள் மிகக் குறைய வேண்டும், மறுபடி வெட்டு தேவைப்படக் கூடாது, போதை வலிமருந்தும் கூடாது. இவ்வளவும் இருந்தால்தான் வெற்றி.

முடிவு 2014இல் வந்தது. வெட்டப்பட்டவர்களில் தேறியவர்கள் 23 சதவீதம். வெட்டாமல் விட்டவர்களில் 37 சதவீதம். அளந்த அழுத்தம் அதிகமா குறைவா என்பதற்கும் பலனுக்கும் சம்பந்தமே இல்லை. வெட்டினாலும் பாவனை செய்தாலும் இஆர்சிபியால் வரும் கணைய அழற்சி பத்தில் ஒருவருக்கு மேல் வந்தது.

பாவனை சிகிச்சைக்கு நோயைத் தீர்க்கும் சக்தி உண்டு என்று இதற்கு அர்த்தமில்லை. இந்த வலி தானாக ஏறும், தானாக இறங்கும். மிக மோசமான கட்டத்தில்தான் ஆள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார், அதன்பின் இயற்கையாகவே கொஞ்சம் இறங்கும். நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும். வெட்டிவிட்டுக் காத்திருந்த மருத்துவர், இறங்கிய வலியைத் தன் கத்தியின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

2016இல் உலகக் குடல்நோய் நிபுணர்கள் கூடி வகுத்த ரோம் விதிகளின் நான்காம் பதிப்பு மூன்றாம் வகையையே நீக்கிவிட்டது. முதல் வகை நோயாகவே நிற்கிறது. அங்கே தசை தழும்பேறிக் குறுகிப்போயிருக்கிறது, வெட்டினால் பலன் உண்டு. இரண்டாம் வகையில் இன்னும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. வலி வரும் நாளில் ரத்தம் எடுத்து நொதிகள் ஏறி இறங்குவதைப் பார்த்து, எண்டோஸ்கோப்பில் பொருத்திய அல்ட்ராசவுண்டால் ஒளிந்திருக்கும் கல்லைத் தேடி, அதன்பிறகே கத்தியைப் பற்றிப் பேசுவது இப்போதைய நடைமுறை. அண்ணாமலைநகரில் 1985இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ பழைய ரிப்போர்ட் கட்டோடு போகிறவர்கள், வலி வந்த நாளில் கல்லீரல் நொதிகளை அளந்த எல்.எஃப்.டி. தாளை மேலே வைத்துக்கொண்டு போவது உபயோகம்.

மூன்றாம் வகையில் இருந்தவர்களின் வலி என்ன ஆயிற்று? அது அப்படியேதான் இருந்தது. நெடுநாள் வலி பட்ட குடலின் நரம்புகள் கூர்மையாகிவிடுகின்றன. சாதாரண விரிவும் சுருக்கமும்கூட மூளைக்கு வலியாகப் போய்ச் சேர்கிறது. தசையைத் தளர்த்தும் நிஃபெடிபின், நைட்ரேட் மருந்துகளையும், நரம்பின் கூர்மையை மழுக்கச் சிறு அளவில் அமிட்ரிப்டிலினையும் கொடுத்துப் பார்க்கிறார்கள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மாத்திரை என்று மெடிக்கல்காரர் சொல்லிவிட்டால், “எனக்குப் பைத்தியம்னு நினைச்சிட்டாரா டாக்டர்?” என்று அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. எழுதிக் கொடுக்கும்போதே அது எதற்கு என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டால் மாத்திரை உள்ளே போகும்.

வெட்டிய தசை மறுபடி மூடாது என்பதும் கணக்கில் வர வேண்டும். மூன்றாவது பொறுப்பு, எதிர்த்து ஏறுவதைத் தடுக்கும் பொறுப்பு, அதோடு போகிறது. குடல் கிருமிகள் பித்தநாளத்தில் குடியேறும். குடலில் வாழும் உருண்டைப் புழுவுக்குச் சின்னத் துளை எதைக் கண்டாலும் நுழைந்து பார்க்கும் சுபாவம் உண்டு. ஸ்ரீநகரில் முகமது சுல்தான் குரூ, இப்படிப் புழு பித்தநாளத்திலும் கணைய நாளத்திலும் புகுந்த 500 நோயாளிகளைப் பற்றி 1990இல் எழுதினார். பிப்ரவரியில் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை இந்த வாயிலுக்கும் ஒரு காவல்தான்.

வெளியிலிருந்து வந்து இந்தத் தசையைச் சீண்டுகிறவை வேறு சில. நெல்லிக்குப்பத்தில் 1842லேயே பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை வந்துவிட்டது. அதே நூற்றாண்டில் கரும்பு வெட்டவென்று இந்தியக் கூலிகள் டிரினிடாட் தீவுக்குக் கப்பல் ஏறினார்கள், சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சில கப்பல்கள் போயின. அந்தத் தீவில் ஒரு தேள் உண்டு. அது கொட்டியவர்களைச் சோதித்த கோர்ட்னி பார்த்தலோமியூ, 30 பேரில் 24 பேருக்குக் கணைய அழற்சி இருந்ததாக 1970இல் எழுதினார். தேளின் நஞ்சு நரம்பு முனைகளிலிருந்து அசிட்டைல்கோலினைக் கொட்டவைக்கிறது. கணையம் வெள்ளமாகச் சுரக்கும், ஓடி தசையோ இறுகும். வயலில் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து உடம்பில் ஏறினாலும் இதே பாதைதான், அங்கே அசிட்டைல்கோலின் சிதையாமல் தேங்குகிறது. பூச்சிமருந்து குடித்தவரின் உயிரைக் காப்பாற்றிய பிறகும், மூச்சும் நாடியும் சரியான பிறகும், மருத்துவர்கள் ரத்தத்தில் கணைய நொதியான அமைலேஸின் அளவைப் பார்ப்பது அதனால்தான்.

இருமல் மருந்தில் வரும் கோடீன் அபின் வகைதான். பித்தப்பை இல்லாத ஒருவர் அதைக் குடித்துச் சிறிது நேரத்தில் கடும் மேல்வயிற்று வலியோடும் ஏறிய நொதிகளோடும் வந்து சேர்ந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்காவில் 2015இல் குடல் எரிச்சல் நோய்க்கு எலக்சடோலின் என்ற மாத்திரை வந்தது. குடலில் உள்ள அபின் வாங்கிகளைத் தொட்டு வயிற்றுப்போக்கை அடக்கும் மருந்து அது. ஓடி தசையிலும் அதே வாங்கிகள் இருக்கின்றன. இரண்டே ஆண்டில், பித்தப்பை இல்லாதவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று அந்த நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்க வேண்டி வந்தது. கணைய அழற்சி வந்து இறந்தவர்களும் இருந்தார்கள். இன்று அந்த மாத்திரையை எழுதும் முன் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று, பித்தப்பை இருக்கிறதா என்பது.